டியூப்லைட் எபிசோட்: பவளத் தொட்டிக்கு என்ன வெளிச்சம்?

(ஒலிப்பதிவில் பேசியதன் எழுத்து வடிவம். "அப்புறம்", "வந்து" எல்லாம் நிறைய வெட்டியிருக்கிறேன். மற்றபடி பேசினது பேசினபடியே.)

போன எபிசோட்ல உப்புத்தண்ணி கலக்குறது பத்திப் பேசினோம். அதுக்கப்புறம் ஒரு நண்பர் கேட்டிருந்தார்: "மூணடித் தொட்டி வாங்கியாச்சு, தண்ணியும் செட் ஆயிடுச்சு. பவளம் வைக்கணும். ஒருத்தர் டி5 ஃபிட்டிங் பழசு குறைஞ்ச விலைக்குத் தர்றார். வாங்கலாமா, இல்ல எல்.இ.டி.க்குப் போகணுமா? டி5ன்னா எந்த டியூப் போடணும்?"

ரெண்டு வரியில பதில் சொல்லிடலாம். ஆனா இந்த விஷயத்துல நான் ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன். அதைச் சொல்லாம பதில் மட்டும் சொன்னா நீங்களும் அதே தப்பைப் பண்ணுவீங்க. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் டியூப்லைட்தான். நம்ம ஊர்ல லேட்டாப் புரிஞ்சுக்கிறவனை டியூப்லைட்னு சொல்வாங்க இல்லையா, இந்தக் கதையில அதுவும் நான்தான்.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். நான் இருக்கிறது சிங்கப்பூர்ல, ஒரு எச்.டி.பி. வீட்டுல. இங்க கடையில பவளம் வாங்கி வளர்க்கலாம். ஆனா கல் பவளம் எல்லாமே சைட்டிஸ் பட்டியல்ல இருக்கிற உயிரினம், முறையான அனுமதியோட வந்ததான்னு கேட்டு வாங்குங்க. இந்தியாவுல இருந்து கேக்குறவங்களுக்கு: அங்க பாறை கட்டுற கல் பவளம் அத்தனையும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில வருது. 2001லயே சேர்த்துட்டாங்க. புலி இருக்கிற அதே அட்டவணை. வீட்டுல வைக்கிறது சட்டப்படி குற்றம். யாராவது "ராமேஸ்வரத்துல இருந்து எடுத்துத் தர்றேன்"னு சொன்னா அந்தப் பக்கமே போகாதீங்க. நீங்க இந்த எபிசோடை ஒரு கதையாக் கேளுங்க.

எங்க அம்மா ராமநாதபுரம் மாவட்டம். இங்க வந்தப்போ தொட்டியை ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இந்தக் கல்லை வச்சு எங்க ஊர்ல சுவரே கட்டியிருக்காங்க. நீ கரண்ட் பில் கட்டி வளர்க்கிறியா?"ன்னு கேட்டாங்க. உண்மைதான். தனுஷ்கோடியில இடிஞ்சு நிக்கிற கட்டடங்களைக் கிட்டப் போய்ப் பார்த்தா சுவர்ல பவளக்கல் தெரியும். ஆனா சுவர்ல இருக்கிறது எலும்புக்கூடு. என் தொட்டியில இருக்கிறது உயிரோட இருக்கு, சாப்பாடு கேக்குது. அந்தச் சாப்பாட்டுல பெரும்பகுதி வெளிச்சம்தான்.

பவளம் ஒரு மிருகம். செடி இல்ல. ஆனா அதோட திசுவுக்குள்ள கோடிக்கணக்குல ஒரு செல் பாசி குடியிருக்கு. ஸூசாந்தெல்லேன்னு பேரு. பாசி வெளிச்சத்தை வச்சுச் சர்க்கரை தயாரிக்குது, அதுல பெரும்பகுதியை வீட்டுக்காரருக்கு வாடகையாக் கொடுத்துடுது. சில பவளங்களுக்குத் தேவைப்படுற சக்தியில 90 சதவீதம் வரைக்கும் இந்த வாடகையிலயே ஓடுது. வெளிச்சம் குறைஞ்சா வாடகை குறையும். திடீர்னு ரொம்ப அதிகமானா பாசி தாங்க முடியாம நச்சுப் பொருளை உண்டாக்க ஆரம்பிக்கும், பவளம் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடும். பாசி வெளியே போனதும் திசு கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே இருக்கிற வெள்ளை எலும்பு தெரியும். கடல் சூடாகும்போது செய்தியில "பவளம் வெளுக்குது"ன்னு சொல்றாங்களே, அதேதான். வீட்டுத் தொட்டியில அதைச் சூடு இல்லாம வெறும் டியூப்லைட்டாலயே பண்ணலாம். நான் பண்ணியிருக்கேன். அதுக்கு வர்றேன்.

இப்போ டியூப். டி5ல அந்த 5க்கு அர்த்தம், ஒரு இஞ்ச்ல எட்டுல அஞ்சு பங்கு குறுக்களவு. 16 மில்லிமீட்டர். நம்ம வீட்டுல சோக்கும் ஸ்டார்ட்டரும் வச்சு நாலு தடவை கண்ணடிச்சுட்டு எரியுமே, அந்தப் பழைய தடிமனான டியூப் டி12, 38 மில்லிமீட்டர். அதுக்கப்புறம் வந்த கொஞ்சம் ஒல்லியானது டி8. டி5க்கு ஸ்டார்ட்டர் கிடையாது, எலக்ட்ரானிக் சோக்குதான். மெலிசா இருக்கிறதுதான் இங்க முக்கியம். ஒரு டியூப் எல்லாப் பக்கமும் வெளிச்சம் விடும், தொட்டி கீழ்ப்பக்கம் மட்டும்தான் இருக்கு. மேலே போறதைத் திருப்பி விட ஒவ்வொரு டியூபுக்கும் தனித்தனியா வளைஞ்ச அலுமினிய ரிஃப்ளெக்டர் வேணும். டியூப் ஒல்லியா இருந்தாத்தான் திரும்பி வர்ற வெளிச்சம் டியூப் மேலேயே மோதாம கீழே இறங்கும்.

அதனால அந்த நண்பருக்கு முதல் பதில்: பழைய ஃபிட்டிங் வாங்கப் போனா டியூபைப் பார்க்காதீங்க, ரிஃப்ளெக்டரைப் பாருங்க. ஆறு டியூபுக்கும் சேர்த்து ஒரே ஒரு தட்டையான வெள்ளைத் தகடு இருந்தா, சும்மா கொடுத்தாலும் யோசிங்க. தனி ரிஃப்ளெக்டர் இருந்து உப்பு படிஞ்சு மங்கியிருந்தா பரவாயில்ல, துடைச்சுக்கலாம். டியூப் மாட்டுற முனையில பச்சை பூத்திருக்கான்னு பாருங்க. உப்புக் காத்து முதல்ல தின்னுறது அந்த இடத்தைத்தான். கீழேயே உப்புத்தண்ணி, மேலே 230 வோல்ட். ஆர்.சி.டி. இல்லாத லைன்ல இதை மாட்டவே மாட்டாதீங்க.

அடுத்தது நீளம், வாட். இங்கதான் ஒரு பொறி இருக்கு. டி5ல ரெண்டு ஜாதி: எச்.இ., எச்.ஓ. முதலாவது மின்சாரம் மிச்சம் பண்றதுக்கு, ரெண்டாவது அதிக வெளிச்சத்துக்கு. மூணடியில எச்.இ. 21 வாட், எச்.ஓ. 39 வாட். நாலடியில 28, 54. நீளம் ஒரே நீளம், முனையில இருக்கிற பின்னும் ஒண்ணுதான். அதாவது தப்பானது அழகா உள்ள உக்காந்துக்கும். கம்பைலர் எரர் வராது, ரன் டைம்லதான் தெரியும். ஒரு தடவை அவசரத்துக்கு ஹார்டுவேர் கடையில 21 வாட் டியூப் வாங்கி மாட்டினேன். என் சோக்கு 39 வாட் டியூபுக்கானது, அது தள்ளுற கரண்ட் இதுக்கு ரொம்ப அதிகம். சீக்கிரமே முனை கறுத்துப் போச்சு. பவளத் தொட்டிக்கு எச்.ஓ. மட்டும்தான். டியூப் மேல அச்சடிச்சிருக்கிற வாட்டைப் படிச்சுட்டு வாங்குங்க.

ஆனா வாட்டை வச்சு வெளிச்சம் போதுமான்னு முடிவு பண்ணாதீங்க. பழைய புத்தகங்கள்ல "கேலனுக்கு இத்தனை வாட்"னு ஒரு கணக்கு வரும். ரிஃப்ளெக்டர் எப்படி, ஆழம் எவ்வளவு, டியூப் என்ன நிறம், எதையுமே கேக்காத கணக்கு அது. விட்டுடுங்க.

லூமனும் அப்படித்தான். இதைக் கொஞ்சம் விளக்கமாச் சொல்றேன், ஏன்னா நான் ஏமாந்ததோட வேர் இங்கதான் இருக்கு. லூமன்ங்கிறது மனுஷக் கண்ணுக்கு எவ்வளவு பிரகாசமாத் தெரியுதுங்கிற அளவு. நம்ம கண்ணுக்குப் பச்சை, சுமார் 555 நானோமீட்டர்ல, ரொம்ப நல்லாத் தெரியும். 450 நானோமீட்டர் நீலம் அதுல நூத்துக்கு நாலு அளவுகூடத் தெரியாது. ஆனா ஸூசாந்தெல்லே பாசிக்கு அந்த நீலம்தான் விருந்து. தண்ணி சிவப்பை முதல்ல குடிச்சிடும். பத்து மீட்டர் ஆழத்துக்குப் போனா சிவப்பு ஏறக்குறைய காலி, நீலம் மட்டும் இறங்கி வரும். அந்த வெளிச்சத்துல வாழ்ந்து பழகினதால, பாசியில இருக்கிற பச்சையமும் பெரிடினின்கிற நிறமியும் நீலத்தையும் நீலப்பச்சையையும் நல்லாப் பிடிக்கும். அதனால லூமன் குறைவா இருக்கிற நீல டியூப், நமக்கு மங்கலாத் தெரியிற டியூப், பவளத்துக்கு நல்ல சாப்பாடு போடும். ஹால்ல மாட்டுற 6500 கெல்வின் டியூப் பளிச்சுனு எரியும், லூமன் அள்ளிக் குவிக்கும். அதை மட்டும் போட்டா பவளம் உயிரோட இருக்கலாம், ஆனா பழுப்பா இருக்கும், பச்சைப் பாசியும் சேர்ந்து வளரும்.

சரியான அளவுக்கு பி.ஏ.ஆர்.னு பேரு. 400ல இருந்து 700 நானோமீட்டருக்குள்ள ஒரு சதுர மீட்டர்ல ஒரு நொடிக்கு எத்தனை ஒளித்துகள் விழுதுங்கிற கணக்கு. மைக்ரோமோல்ல சொல்வாங்க. எல்லாரும் சுருக்கி "பார்"னு கூப்பிடறாங்க. தமிழ்ல எனக்கு அது எப்பவும் சிரிப்பு. பேரு பார், ஆனா கண்ணால பார்த்துத் தெரிஞ்சுக்கவே முடியாத விஷயம். வெப்பமண்டலத்துல உச்சி வெயில் கடல் மட்டத்துல சுமார் 2000 வரும். வீட்டுத் தொட்டிக்கு அதெல்லாம் வேண்டாம். மென்பவளம், காளான் பவளம் மாதிரி ஆளுங்களுக்கு 50ல இருந்து 150 போதும். பெரிய சதைப்பத்தான பாலிப் உள்ள கல் பவளத்துக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். அக்ரோபோரா மாதிரி சின்னப் பாலிப் கிளைப் பவளம்தான் 200, 300ன்னு கேக்கும். ஆக எந்த விளக்குன்னு கேக்கிறதுக்கு முன்னாடி எந்தப் பவளம்னு முடிவு பண்ணுங்க. மென்பவளம் மட்டும்னா மூணடித் தொட்டிக்கு நாலு டியூபே தாராளம். அக்ரோபோரான்னா ஆறு.

என்கிட்ட இருக்கிறது ஆறு. 90க்கு 45க்கு 45 சென்டிமீட்டர் தொட்டி, சுமார் 180 லிட்டர். அதுக்கு மேல 39 வாட் டியூப் ஆறு. மூணு ப்ளூ ப்ளஸ், ரெண்டு கோரல் ப்ளஸ், ஒரு பர்ப்பிள் ப்ளஸ். இது ஏ.டி.ஐ.ங்கிற ஜெர்மன் கம்பெனி டியூப்களோட பேரு. நீலம், நீலம் கலந்த வெள்ளை, கொஞ்சம் சிவப்பு ஊதா. கடைசியா சொன்னது என் கண்ணுக்காக. அது இல்லைன்னா சிவப்புப் பவளம் எல்லாம் கறுப்பாத் தெரியும். ஆக்டினிக்னு 420 நானோமீட்டர் பக்கம் ஒரு டியூப் உண்டு. பவளத்துல இருக்கிற ஒளிர் புரதங்கள் அதுல பச்சையா, ஆரஞ்சா மின்னும், சாயங்காலம் பார்க்க அவ்வளவு அழகா இருக்கும். வேணும்னா ஒண்ணு போட்டுக்கலாம், மூணு போட்டா வளர்ச்சியில அடி வாங்கும். என் ஃபிட்டிங்கை நானே வாங்கல. அங்கதான் கதை ஆரம்பிக்குது.

டீம்ல சீனியர் அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. எனக்கு இந்தப் பைத்தியத்தைப் பிடிக்க வச்சதே அவங்கதான். ஊருக்கே திரும்பிப் போறதுன்னு முடிவானதும் தொட்டியைக் கலைச்சாங்க. ஃபிட்டிங்கை எனக்குக் கொடுத்தாங்க. அதோட ஒரு அக்ரோபோரா. கட்டைவிரல் அளவு துண்டா வாங்கி ஏழு வருஷம் வளர்த்தது, தேங்காய் அளவு இருக்கும். பச்சை உடம்பு, கிளை நுனியெல்லாம் ஊதா. பக்கெட்ல வச்சு டாக்ஸியில மடியில பிடிச்சுட்டு வந்தேன். "தம்பி, அதுக்குத் திடீர்னு எதுவும் பிடிக்காது, பார்த்துக்கோ"ன்னு மட்டும் சொன்னாங்க.

முதல் ஒரு வருஷம் பிரமாதம். நான் பழைய டியூபையெல்லாம் எடுத்துட்டு ஆறும் புதுசா மாட்டிதான் ஆரம்பிச்சேன். பதினாலாவது மாசம் வாக்குல நுனியில ஊதா மங்க ஆரம்பிச்சுது. உடம்பு பழுப்பாகிட்டே வந்துச்சு. நான் என்ன நினைச்சேன்னா, தண்ணியில நைட்ரேட் ஏறிடுச்சு. புரொடக்ஷன்ல ஏதாவது உடைஞ்சா முதல்ல போன வாரம் தொட்ட கோடைச் சந்தேகப்படுவோம் இல்லையா, அந்தப் புத்தி. மீன் சாப்பாட்டைக் குறைச்சேன், வாரம் ரெண்டு தடவை தண்ணி மாத்தினேன், ஸ்கிம்மரை மாத்தினேன். ரெண்டு மாசம், சுமார் 300 டாலர். ஒண்ணும் ஆகல. விளக்கை நான் சந்தேகப்படவே இல்ல. ஏன்னா அது எரிஞ்சுட்டு இருந்துச்சு. கண்ணுக்கு முதல் நாள் மாதிரியே இருந்துச்சு.

டியூப்லைட் எப்படி எரியுதுன்னு யோசிச்சிருந்தா அப்பவே பிடிச்சிருப்பேன். உள்ளே கொஞ்சம் பாதரச ஆவி இருக்கு. மின்சாரம் ஓடும்போது அது 254 நானோமீட்டர்ல புற ஊதாக் கதிர் விடும். கண்ணாடிக்கு உள்பக்கம் பூசியிருக்கிற பவுடர் அதை வாங்கி நமக்குத் தெரியிற நிறமா மாத்தும். அந்தப் பவுடருக்கு வயசாகும். நீலம் தர்ற பவுடர் மத்ததை விடச் சீக்கிரம் கிழடு தட்டும். டியூப் ரொம்ப நாள் எரிஞ்சுட்டேதான் இருக்கும், ஆனா அது போடுற சாப்பாடு மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக் குறையும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு அது தெரியாது. போதாததுக்கு நான் ரிஃப்ளெக்டரைத் துடைச்சே பல மாசம், உப்பு வெள்ளையாப் படிஞ்சிருந்துச்சு.

வெளிச்சம் குறைஞ்சா பவளம் தனக்குள்ள பாசியோட எண்ணிக்கையை ஏத்தும், இருக்கிற வெளிச்சத்தை முழுசாப் பிடிக்க. பாசி பழுப்பு நிறம், அதான் உடம்பு பழுப்பாச்சு. நான் நைட்ரேட்னு நினைச்சது பசி.

ஒரு நண்பர்கிட்ட பார் மீட்டர் இரவல் வாங்கிட்டு வந்தேன். அக்ரோபோரா இருக்கிற இடத்துல ஆரம்பத்துல இதே மீட்டர் 240 காட்டியிருந்துச்சு, நோட்ல எழுதி வச்சிருந்தேன். இப்போ 130. ஏறக்குறைய பாதி. எனக்கு ஒரே சந்தோஷம், பக் கிடைச்சிடுச்சு! அன்னைக்குச் சாயங்காலமே கடைக்குப் போய் ஆறு டியூபும் வாங்கி, ரிஃப்ளெக்டரையும் பளபளன்னு துடைச்சு, மாட்டி, ஒன்பது மணி நேர டைமரை அப்படியே விட்டுட்டேன். மீட்டர் 245. படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "சூப்பர் தம்பி"ன்னு பதில் வந்துச்சு. ஒரே நாள்ல மாத்தினேன்னு நான் சொல்லல.

130க்குப் பழகி, அதுக்காக உடம்பு முழுக்கப் பாசியை அடைச்சு வச்சிருந்த ஒரு உயிருக்கு ராத்திரியோட ராத்திரியா 245. நாலாவது நாள் மேல் கிளையெல்லாம் பாலிப் உள்ளே இழுத்துக்கிச்சு. ஒன்பதாவது நாள் மேல் பாதி வெள்ளை. நான் பதறிப்போய் ஃபிட்டிங்கை உயரத் தூக்கிக் கட்டினேன், நேரத்தைப் பாதியாக் குறைச்சேன். வெளுத்தது உடனே சாகாது, மறுபடி பாசி சேர்ந்தா மீளலாம். அடியில, நிழல்ல இருந்த கிளைகள் மீண்டுச்சு. மேல் பாதி மீளல. திசு உரிஞ்சு, மூணே வாரத்துல அந்த வெள்ளை எலும்பு மேல பச்சைப் பாசி படர்ந்துடுச்சு. அம்மா சொன்ன சுவர்க்கல் மாதிரி.

அக்காவுக்குப் போன் பண்ண எனக்குப் பத்து நாள் ஆச்சு. சொன்னதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "உயிரோட இருக்கிறதை வெட்டி நாலு துண்டாப் பண்ணி வேற வேற இடத்துல ஒட்டி வை. ஒரே இடத்துல வைக்காத"ன்னாங்க. அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூட நல்லா இருந்திருக்கும்.

வேடிக்கை என்னன்னா, ஆபீஸ்ல நான் இதையே தினமும் பண்றேன். ஆறு சர்வர் இருந்தா ஆறையும் ஒரே நேரத்துல புது வெர்ஷனுக்கு மாத்த மாட்டோம். ஒண்ணு மாத்தி, பார்த்துட்டு, அடுத்தது. வீட்டுல வந்து அதே ஆளு ஆறையும் ஒரே நாள்ல மாத்தியிருக்கேன்.

இப்போ நான் பண்றது இதுதான். ஒரு டியூப் நல்லா உழைக்கிறது சுமார் ஒரு வருஷம்னு வச்சுக்கிறேன். ஆறு டியூப், பன்னிரண்டு மாசம். அதனால ரெண்டு மாசத்துக்கு ஒரு டியூப் மாத்துறேன். எந்த நாள் எடுத்துப் பார்த்தாலும் தொட்டிக்கு மேல ஒரு புது டியூப், ஒரு ரெண்டு மாச டியூப், ஒரு நாலு மாச டியூப்னு பத்து மாசம் வரைக்கும் கலந்து இருக்கும். மொத்த வெளிச்சம் ஏறக்குறைய ஒரே மட்டத்துல நிக்கும். நீலத்தை அடுத்தடுத்து மாத்தாம, ஒரு நீலம், ஒரு வெள்ளைன்னு மாத்தி மாத்திப் போடுவேன். மாட்டின தேதியை டியூபோட முனையில மார்க்கர்ல எழுதிடுவேன். மாசத்துக்கு ஒரு தடவை ஈரத்துணியில ரிஃப்ளெக்டரைத் துடைக்கிறேன், விளக்கு ஆறினப்புறம்.

பார் மீட்டர் விலை அதிகம், வாங்குறதா இருந்தா நீலத்தைச் சரியாக் காட்டுற முழு நிறமாலை மாடலா வாங்குங்க. பழைய மாடல்கள் நீலத்தைக் குறைச்சுக் காட்டும். வாங்க முடியலைன்னா ஒரு சாதாரண லக்ஸ் மீட்டர் போதும். அது காட்டுற எண்ணை வச்சு பவளத்துக்குப் போதுமான்னு சொல்ல முடியாது, அதுவும் மனுஷக் கண்ணோட அளவுதான். ஆனா ஒரே டியூப் கலவை, ஒரே இடம், விளக்கு போட்டு அரை மணி நேரம் கழிச்சுன்னு மாசாமாசம் எழுதி வச்சா, எண் இறங்குறது தெரியும். எனக்கு அந்த ஒரு கோடு அப்போ இருந்திருந்தா போதும்.

சூடு பத்தி. சிங்கப்பூர்ல மதியம் ஏ.சி. போடாத ஹால் 31 டிகிரி. அதுக்கு நடுவுல 234 வாட். பவளத்துக்கு 26 பக்கம் இருந்தா நல்லது, 30ஐத் தாண்டி வாரக்கணக்குல நின்னா வெளுக்க ஆரம்பிக்கலாம். அதனால எனக்குச் சில்லர் இல்லாம முடியாது. விளக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம்னா மாசம் சுமார் 63 யூனிட். யூனிட் 30 சென்ட்னு வச்சாலும் 19 டாலர், சில்லர் தனி. நான் டைமரை மதியத்துல இருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் வச்சிருக்கேன், ஆபீஸ்ல இருந்து வந்து பார்க்கணும் இல்லையா. ஃபிட்டிங்குக்குள்ள ஃபேன் இருக்கணும், ஆனா டியூப் மேல நேரா ஊதற மாதிரி நீங்களா வேற ஒண்ணு மாட்டாதீங்க. டி5 சுத்தியிருக்கிற காத்து 35 டிகிரி இருக்கும்போதுதான் முழு வெளிச்சம் தரும். ரொம்பக் குளிர வச்சாலும் குறையும், மூடி வச்சு வேக வச்சாலும் குறையும்.

இனி அந்த நண்பரோட கேள்வி. டி5ஆ, எல்.இ.டி.யா?

டி5ல எனக்குப் பிடிச்சது அது பரவுற விதம். மூணடி நீளத்துக்கும் ஒரே மாதிரி, பல கோணத்துல இருந்து வர்றதால கிளைக்கு அடியிலயும் வெளிச்சம் போகும். எல்.இ.டி. ஒரு புள்ளியில இருந்து வரும். மேல் கிளை பிரமாதமா இருக்கும், அதோட நிழல் விழற கீழ்க்கிளை மெல்லச் சாகும். ஆனா எல்.இ.டி.யில வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம், 30 சதவீதத்துல ஆரம்பிச்சு வாரம் கொஞ்சமா ஏத்தலாம், வருஷா வருஷம் டியூப் செலவு இல்ல. என் அக்ரோபோராவை அந்த ஒரு வசதி காப்பாத்தியிருக்கும்.

இன்னொரு விஷயத்தைத் தள்ளி வைக்க முடியாது. டியூப்லைட்டோட காலமே முடியப் போகுது. பாதரசம்தான் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்துல சாதாரண வெளிச்சத்துக்கான டி5, டி8 டியூப்களைச் சந்தைக்குக் கொண்டு வர்றதை 2023 ஆகஸ்ட்ல நிறுத்திட்டாங்க. மினமாட்டா ஒப்பந்த நாடுகள் 2023 நவம்பர்ல கூடி, பொது உபயோக டியூப்களை 2027க்குள்ள படிப்படியா முடிக்கிறதுன்னு ஒத்துக்கிட்டாங்க. மீன் தொட்டி டியூப் பொது உபயோகம் இல்லதான். ஆனா லட்சக்கணக்குல ஓடின தொழிற்சாலை நின்னப்புறம் நமக்காக மட்டும் எத்தனை நாள் போடுவாங்க? எனக்கு அந்தச் சட்டமும் சரின்னுதான் படுது. குழந்தை இருக்கிற வீட்டுல கையில டியூபைப் பிடிச்சுட்டு ஸ்டூல் மேல நிக்கும்போது நானே பயந்திருக்கேன். உடைஞ்சா உடனே ஜன்னலைத் திறந்துட்டு எல்லாரும் அந்த அறையை விட்டு வெளியே வாங்க. ஏ.சி. நிறுத்துங்க. அப்புறம் கெட்டி அட்டையில வழிச்சு, பவுடரை டேப்ல ஒத்தி எடுங்க. வேக்குவம் போடவே கூடாது, ஆவியைப் பரப்பிடும். தீர்ந்துபோன டியூபை ரப்பிஷ் சூட்ல போடாதீங்க, அது மின்கழிவு.

ஆக நண்பரே, இப்படிச் செய்யுங்க. அந்தப் பழைய ஃபிட்டிங்ல தனி ரிஃப்ளெக்டர் இருந்து, முனை சுத்தமா இருந்து, ரெண்டு வருஷத்துக்கு வேணுங்கிற எச்.ஓ. டியூப் இப்பவே கிடைக்கும்னா வாங்குங்க. மூணுல ஒண்ணு இல்லைன்னாலும் விட்டுடுங்க. புதுசா முழு டி5 ஃபிட்டிங் இன்னைக்குக் காசு போட்டு வாங்காதீங்க. பட்ஜெட் இருந்தா நடுவுல எல்.இ.டி., ரெண்டு ஓரத்துலயும் டி5 இருக்கிற கலப்பு ஃபிட்டிங் நல்லது. டியூப் கிடைக்காத காலம் வந்தாலும் பாதி விளக்கு உங்ககிட்ட இருக்கும். நான் பன்னிரண்டு டியூப் அலமாரியில வாங்கி வச்சிருக்கேன், அதாவது ரெண்டு வருஷம். அது தீர்ந்ததும் நானும் எல்.இ.டி.தான். மாறும்போது ஒரே நாள்ல மாற மாட்டேன்னு மட்டும் தெரியும்.

அக்ரோபோரா நாலு துண்டு வச்சேன்னு சொன்னேனே, மூணு பிழைச்சுது. ஒண்ணு ஆபீஸ் நண்பர் வீட்டுல இருக்கு. என்கிட்ட இருக்கிற ரெண்டுல ஒண்ணுக்குப் போன மாசம் நுனியில ஊதா திரும்பியிருக்கு. எலுமிச்சம்பழம் அளவுதான். இந்தத் தடவை அக்காவுக்குப் படத்தோட மீட்டர் கணக்கையும் சேர்த்து அனுப்பினேன். "தேதி போட்டு எழுதுறியா?"ன்னு கேட்டாங்க. டியூப் முனையைப் படம் எடுத்து அனுப்பினேன்.

அடுத்த எபிசோட்ல சில்லர். சின்னதா வாங்கி நான் பட்ட பாடு. உங்க டியூப்ல முனை கறுத்திருந்தா, எந்த மாசம் மாட்டினதுன்னு ஞாபகம் இருந்தா, எழுதி அனுப்புங்க. ஞாபகம் இல்லைன்னா இப்பவே போய் ஒரு மார்க்கர் தேடுங்க.